எதிர்வீட்டுப் பாவு

பெரியவனே,

உன் தம்பியைக் குத்திக் கொன்ன எதிர்வீட்டுப் பையனுக்குத் தூக்கு கேட்டு நீ அனுப்பின மனுவுல நான் கையெழுத்து போடமாட்டேன். அவன் ஜெயில்லயே கெடக்கட்டும். கயிறு மட்டும் வேணாம்பா.

நம்ம நெசவுத் தெருவுல யார் தறிக்குப் பாவு நூலைத் தெரு நீளத்துக்கு நீட்டினாலும் வீட்டுக்கு ஒருத்தர் போய்ப் பிடிக்கணும். நம்ம வீட்டுக்குத் தம்பிதான் போவான். இன்னிக்குக் காலையில, குத்தினவனைப் பெத்த எதிர்வீட்டம்மா பட்டு நூலோட தனியா நின்னுக்கினு இருந்தா. ஒருத்தரும் போகல. நான் போய்ப் பிடிச்சேன். அப்புறம்தான் தெருவே எறங்கி வந்துச்சு.

பாவு பிடிச்சுக்கினே பேசி முடிச்சோம். பசங்க குடிச்சுட்டு அடிச்சிக்கிற சாயப்பட்டறை முனையில விளக்கு போடுறோம். பொம்பளைங்க முறைவெச்சு உக்காரப்போறோம். இனி எவனையும் கத்தி எடுக்குற வரைக்கும் விடமாட்டோம்.

மனுவைக் கிழிச்சுட்டேன். திட்டணும்னா நேர்ல வந்து திட்டு. வந்தா, தம்பி நின்ன எடத்துல நீதான் பாவு பிடிக்கணும், எதிர்வீட்டுக்கும் சேர்த்து.

உங்க ரெண்டு பேரையும் பெத்தவ