அப்பா சொல்லாத வாழ்த்து

அன்பு மகள் நின்கேவுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் எங்கள் நிலைமைக்கு நலம். நியூசிலாந்தில் நீயும் கேலமும் அதைவிட நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். மின்னஞ்சல் இருக்க, காகிதமும் தபால்தலையும் எதற்கு என்று கேட்பாய். நான் தொடங்கும் வாக்கியத்தை நானே முடிக்க வேண்டும் என்பதற்காகத்தான். படித்துக்கொண்டு வா, புரியும். மழை இன்னும் விடவில்லை, உன் அறை ஜன்னலுக்குப் புதுக் கண்ணாடி போட்டாயிற்று, பூனை வழக்கம்போல் யாரையும் மதிப்பதில்லை.

அப்பாவின் மூளையில் பதித்த கருவி ஒழுங்காக வேலை செய்கிறது. பக்கவாதம் பேச்சையும் கைகால்களையும் எடுத்துக்கொண்ட பிறகு நமக்கு மிஞ்சிய வழி அதுதான். திரையில் எழுத்துகள் ஒவ்வொன்றாக ஒளிரும், வேண்டிய எழுத்து வரும்போது வலது கையை மூடுவதாக அவர் நினைத்துக்கொள்வார், கை அசையாது, எழுத்து விழும். வேலைக்காலம் முழுவதும் கால்வாய்ப் பாலத்தைத் தூக்கி இறக்கியவர், அவசரக்காரப் படகுகளை வேண்டுமென்றே காக்கவைத்தவர், இப்போது ஒரு எழுத்துக்காகக் காத்திருக்கிறார். அப்படிக் காத்துக்கிடந்தவர்களில் ஒருவரான டூவே மாமா விடுவாரா, வரும்போதெல்லாம் “என்னடா வீப்ரன், உனக்கும் பாலம் தொறக்கலையா” என்று கேட்கிறார். அப்பாவின் கண் சிரிக்கும்.

வசந்தத்தில், கருவியைப் பதித்த ஆய்வுக்குழுவிலிருந்து லோட்டெ என்ற பெண் வந்து அந்த இயந்திரத்தில் புதிதாக ஒரு வசதியைச் சேர்த்துவிட்டுப் போனாள். அப்பா இரண்டு மூன்று எழுத்து போட்டதுமே மீதி வாக்கியத்தை அதுவே ஊகித்துத் திரையில் காட்டும். சரியென்றால் ஒரே ஒருமுறை கையை மூட நினைத்தால் போதும், அது வாய்விட்டுப் படித்துவிடும். வேண்டாமென்றால் ஒவ்வொரு சொல்லாக அழித்துக்கொண்டு பின்னால் போக வேண்டும். அன்றிலிருந்து நம் வீட்டில் மரியாதை பெருக்கெடுத்தது. காலையில் எனக்கு “இனிய காலை வணக்கம், நீ செய்யும் அனைத்திற்கும் மிக்க நன்றி” என்று கிடைத்தது. கல்யாணமான நாளிலிருந்து நான் கேட்டிராத பேச்சு. எனக்குப் பிடித்துத்தான் இருந்தது. லோட்டெ ஒரு வரைபடத்தைக் காட்டி “குடும்பத்தோட மகிழ்ச்சி எப்படி ஏறியிருக்கு பாருங்க” என்று பூரித்தாள். உன் கல்யாணச் செய்திக்கு அப்பாவின் பதில் வந்ததும் அந்த நாட்களில்தான். “மிக்க மகிழ்ச்சி. கேலம் அருமையான மனிதர். எங்களுக்காகச் சிரமப்பட வேண்டாம், அங்கேயே திருமணத்தை முடித்துக்கொள்ளுங்கள்.” நீ அதைப் படித்து அழுததாகவும் அங்கேயே மண்டபம் பார்த்துவிட்டதாகவும் எழுதினாய். ஒருவர் சொன்னதாக எதையும் நாளிதழில் போடுவதற்குமுன் அவரிடமே திருப்பிக் கேட்டு உறுதி செய்வதுதான் என் தொழிலாக இருந்தது. சொந்த வீட்டில் அப்படிக் கேட்கத் தோன்றவில்லை.

போன ஞாயிறு அப்பாவின் பிறந்தநாள். நம் ஊர் வழக்கப்படி நாற்காலிகளை வட்டமாகப் போட்டோம், வந்தவர்கள் அப்பாவோடு என்னையும் பக்கத்து வீட்டுக்காரரையும் கைகுலுக்கி வாழ்த்தினார்கள், ஆளுக்கு ஒரு துண்டு கொடுத்துக் கேக் டப்பாவை மூடியாயிற்று. சீட்ஸ்கே அத்தை வருடாவருடம் செய்யும் அதே ஆப்பிள் கேக்கைத்தான் செய்திருந்தாள். அப்பாவுக்குப் பாலில் குழைத்து ஊட்டினேன். எல்லோரும் திரையைப் பார்த்தபடி தீர்ப்புக்குக் காத்திருந்தோம். இயந்திரம் படித்தது: “கேக் மிகவும் சுவையாக இருந்தது, அன்புச் சகோதரியே, மனமார்ந்த நன்றி.” நம் ஊரில் எதற்கும் கிடைக்கக்கூடிய உச்சப் பாராட்டு என்னவென்று உனக்குத் தெரியும், “இதைவிட மோசமாவும் இருக்கலாம்.” அதையும் அப்பா சிக்கனமாகவே செலவழித்தார், நீ பிறந்தபோது தொட்டிலைப் பார்த்து ஒருமுறை சொன்னார். அத்தை முகம் வெளுத்து என் காதருகே வந்து “டாக்டர் ஏதாவது சொல்லிட்டாரா? எங்கண்ணன் போகப்போறானா?” என்றாள். டூவே மாமா கரண்டியை வைத்துவிட்டு “இது வீப்ரன் இல்லை. நம்மாளைத் துரத்திட்டு ஹேக் நகரத்து அரசாங்க ஆபீசர் எவனோ உள்ளே உக்காந்திருக்கான்” என்று அறிவித்தார்.

மறுநாளே லோட்டெயை வரவழைத்து ஊகத்தை நிறுத்தச் சொன்னேன். “நிறுத்தினா ரொம்ப மெதுவாயிடும்மா, மகிழ்ச்சியும் இறங்கிடும்” என்று எச்சரித்தாள். “இறங்கட்டும், எங்களுக்குப் பழக்கம்தான்” என்றேன். நிறுத்தியதும் அப்பாவின் முதல் சொந்தப் பேச்சு கேக்கைப் பற்றியது: “காய்ஞ்ச பலகை.” தொலைபேசியில் அத்தைக்குப் படித்துக்காட்டினேன், “அப்பாடா, எங்கண்ணன் பிழைச்சுட்டான்” என்று தேம்பினாள். இத்தனை நாள் ஏன் சரி சரி என்று விட்டீர்கள் என்று அப்பாவைக் கேட்டேன். “களைப்பு” என்று வந்தது. நான் நகரப்போகும்போது இன்னும் கொஞ்சம் வந்தது: “உனக்கும் பிடிச்சிருந்தது.”

பிறகு உன் விஷயத்தைக் கேட்டேன். கேலம் அருமையான மனிதர் என்று சொன்னது நீங்களா? “பார்த்ததே இல்லையே.” அங்கேயே முடித்துக்கொள்ளச் சொன்னது? “இல்லை.” அப்படியானால் அவளுக்கு என்ன எழுதட்டும்? மத்தியானம் முழுவதும் போயிற்று, நடுவில் இரண்டு தரம் தூங்கிப்போனார், நான் குறுக்கிடவே இல்லை. வந்ததை ஒரு எழுத்தும் மாற்றாமல் தருகிறேன்: “நேர்ல பார்க்காம பிடிக்கலைன்னு எப்படி சொல்றது. கூட்டிட்டு வா. கல்யாணம் இங்கே.”

அப்பாவால் விமானம் ஏற முடியாது என்பது உனக்குத் தெரிந்ததுதான். மண்டபம் பேசியாயிற்று, கேலமின் வீட்டாரும் இருக்கிறார்கள், முடிவு உங்கள் இருவருடையது. ஆனால் அதை அப்பாவின் சொல்லை வைத்து எடு, இயந்திரத்தின் சொல்லை வைத்து எடுக்காதே. நீங்கள் வருவதென்றால் கேலமை முன்கூட்டியே தயார் செய்துவிடு. இங்கே யாரும் அவனைப் புகழ மாட்டார்கள், புகழ்ந்தால்தான் அவன் பயப்பட வேண்டும். கம்பளிச் சட்டை அவசியம், அங்கே கோடை என்று ஏமாந்து வராதே. அத்தை கேக் கொடுத்தால் ஒரு துண்டோடு நிறுத்திக்கொள்ளச் சொல், அதற்குமேல் எப்படியும் கிடைக்காது.

இருவரும் ஒருவரையொருவர் பொறுத்துக்கொண்டு நீண்டநாள் நன்றாக இருங்கள். மறக்காமல் அப்பா பெயருக்கே பதில் எழுது, காகிதத்தில்.

என்றும் உன் அம்மா

பி.கு.: உறையில் போடுமுன் இதை அப்பாவுக்குப் படித்துக்காட்டி, எல்லாம் சரிதானா என்று கேட்டேன். “நீளம்” என்றார். மடித்துக்கொண்டிருந்தபோது திரை மறுபடி ஒளிர்ந்தது. உட்கார்ந்து காத்திருந்தேன். காபி ஆறிப்போன பிறகு முழுவதும் வந்து சேர்ந்தது: “இதைவிட மோசமாவும் இருக்கலாம்.”