சுமை இறங்கும் இடம்

வியாழனின் நிலா யூரோப்பா, பனித்தள நிலையம்
நாள் 212, காலை 7.10

இதைக் கண்டெடுப்பவருக்கு வணக்கம். நான் இளவெயினி, ஒன்பதாம் வகுப்பு. இப்போது இங்கே நானும் செந்தூரன் மாமாவும் மட்டும். உயிரியலாளரான அம்மா, பனி துளைக்கும் முகாமுக்குப் போயிருக்கிறாள். காற்று அடைத்த வெளியுடுப்பு இரண்டில் ஒன்று பழுது. நல்லதை அவள் அணிந்திருக்கிறாள். எங்கள் மூச்சுக்காற்று பாசித்தொட்டியிலிருந்து வருகிறது. இன்று அதில் புளித்த வாடை.

தொட்டியறையிலிருந்து ஒலிபெருக்கியில் மாமா: “வெயினி, தொட்டி புளிச்ச மாவாட்டம் நாறுது. ஆப்பசோடா ஒரு டப்பா கொட்டிட்டேன். உங்கம்மாகிட்ட சொல்லிடாத தாயி, பாடம் எடுக்க ஆரம்பிச்சுடுவா.”

சிரித்துவிட்டேன்.

நாள் 213, மாலை 4.30

நுண்ணோக்கியில் பாசியைப் பார்த்தேன். அதன் செல்லுக்குள் இடுக்கி போல ஒரு ஏற்பிப் புரதம் உண்டு. தனியாக இருக்கும்போது, தொட்டி நீரில் சேரும் நச்சைக் கவ்வும். செல்லின் புளிப்புப் பைக்குள் போனதும் வடிவம் நெளிந்து, இரண்டிரண்டாக ஒட்டிக்கொள்ளும். ஒட்டியதும் பிடி தளரும். நச்சு பைக்குள் விழுந்து சிதையும். புரதம் வெறுங்கையோடு திரும்பும். தனியென்றால் பச்சை, ஜோடியென்றால் மஞ்சள் ஒளிரும்படி அம்மா சாயமேற்றியிருக்கிறாள்.

இன்று எல்லாமே பச்சை. அவ்வளவு அழகு! வரைந்து வைத்தேன்.

நாள் 214, காலை 6.05

அழகில்லை அது. சோடா, பையின் புளிப்பைப் போக்கிவிட்டது. ஜோடி சேராததால் எந்தப் புரதமும் சுமையை விடவில்லை. கவ்வியபடியே செல்லின் விளிம்பில் குவிந்து நிற்கின்றன. பாசி வெளுக்கிறது. ஆக்சிஜன் குறைகிறது. நடந்ததைச் சொல்லி அம்மாவுக்குச் செய்தி அனுப்பினேன், இரைச்சல்தான் வந்தது.

புளிப்பைத் திருப்பிக் கொடுத்தால் போதுமே! கிடங்கிலிருந்த சிட்ரிக் அமிலம் முழுவதையும் கரைத்து ஊற்றினேன்.

காலை 6.50

மஞ்சள்! எங்கும் மஞ்சள்!

மாமா: “அடி என் விஞ்ஞானி! அக்காவுக்கு இனி இங்க வேலையில்ல.”

காலை 7.20

அம்மாவின் குரல், விட்டுவிட்டு: “வெயினி, புளிப்பு எதுவும் ஊத்திடாத! அந்தப் புரதமெல்லாம் இன்னும் பைக்குள்ள போகலடி. நிக்கிற இடத்துலயே ஜோடி சேர்ந்து, அங்கயே கொட்டிடும். தண்ணி, காத்து எல்லாம் நஞ்சாயிடும். நான் வந்துட்டிருக்கேன்.”

ஊற்றிவிட்டேன் என்று சொன்னேன்.

கண் எரிகிறது. மாமா பதில் பேசவில்லை. மூன்று முறை கூப்பிட்டேன்.

காலை 9.40

வண்டியின் விளக்கு தெரிகிறது. அம்மாவின் உடுப்பில் முகாமுக்குத் திரும்பும் அளவு காற்று இருக்கும். உள்ளே வந்தால் தலைக்கவசத்தைக் கழற்றி எனக்கு மாட்டிவிடுவாள். அவளை எனக்குத் தெரியும்.

கதவை உள்ளே தாழிட்டேன்.

ஒலிபெருக்கியில் அம்மா: “தெற கண்ணு. அம்மா திட்ட மாட்டேன். எங்க, என் தங்கம்ல?”

திட்ட மாட்டாள். அதனால்தான்.

நேரம் பார்க்க முடியவில்லை

எழுத்து கோணுகிறது, மன்னிக்கவும். தூங்கிப்போனாலும் தாழ் நகராதபடி முதுகைக் கொடுத்து உட்கார்ந்திருக்கிறேன். வெளியே காற்றில்லை, சத்தம் வராது. ஆனால் அவள் தட்டுவது என் முதுகில் தெரிகிறது.

போ அம்மா.

இன்னும் தட்டுகி