'உன்னே' என்கிற வினைச்சொல்

நேற்று உன் பெட்டியைத் தொட்ட கையில் லில்லிப்பூ வாசனை இன்னும் போகவில்லை. சோப்புப் போட்டுத் தேய்த்தும் பார்த்துவிட்டேன். செத்தும் என்னை விடமாட்டாய் போல.

நாம் இருவரும் நர்ஸ். காலை ரயிலில் நான் மாரிக்குப்பத்தில் ஏறி, ஊரிகத்தில் நீ ஏறும்வரை பக்கத்து சீட்டில் துப்பட்டா போட்டு வைப்பேன். பெங்களூர் போய்ச் சேரும்வரை நார்வே பாஷைப் பாடம். நார்வேயில் ஓர் ஆஸ்பத்திரியில் இருந்தது ஒரே ஓர் இடம். அது கிடைத்தால் இந்த ரயிலை விட்டு எனக்கு விடுதலை.

'உன்னே' என்ற வினைச்சொல் வந்த அன்று, "நம்ம 'உன்னை' மாரியே கீதுடி" என்று சிரித்தாய். இரண்டுக்கும் சம்பந்தமே இல்லை. ஆதியில் அதற்கு நேசிப்பது என்று பொருளாம். பிறகு, அடுத்தவருக்கு வாய்த்த நல்லதைப் பார்த்து வயிறு எரியாமல், மனசாரக் 'கிடைக்கட்டும்' என்பது. டென்மார்க்காரர்களுக்கும் அதே சொல்தான்; எழுத்தில் ஒரு 'ட' சேர்ப்பார்கள், வாயில் வராது. முன்னால் 'மிஸ்' சேர்த்தால் பொறாமைப்படுவது. "உனக்கு வேலை கெடச்சா நான் 'உன்னே' பண்ணுவேன்டி" என்றாய். நம்பினேனே, பைத்தியக்காரி!

என் போன் ரிப்பேரில் கிடந்தபோது நாம் நார்வே பாஷை படித்த வகுப்பிலிருந்து உன் நம்பருக்குத்தான் கூப்பிட்டார்கள். இன்டர்வியூ வெள்ளிக்கிழமை என்று என்னிடம் சொன்னாய். நடந்தது புதன்கிழமை. அன்று நீ முந்தின ரயிலிலேயே போய்விட்டாய். நானோ உனக்கு சீட் பிடித்துக்கொண்டு, நின்றிருந்த ஒரு பெரியவரிடம் "ஆள் வராங்க, போங்க" என்று மல்லுக்கு நின்றேன்.

பிறகு கேட்டதற்கு, "மாத்தி சொல்லிட்டேன், அதுக்கு இப்ப இன்னா?" என்றாய். அந்த முகத்தை நான் மறக்கவே இல்லை.

வேலை உனக்கே கிடைத்தது. நார்வேக்குப் போன இடத்தில் நோய் வந்து, நேற்று உன்னைப் பெட்டியில் கொண்டுவந்தார்கள். மேலே மலர்வளையம், அதில் வெள்ளை ரிப்பன். உன்னோடு வேலை பார்த்தவர்கள் அந்த 'உன்னே'யைப் போட்டே எழுதியிருந்தார்கள்: இந்த ஓய்வு உனக்குக் கிடைக்கட்டும், மனசார. அங்கே கூடியிருந்தவர்களில் அதைப் படிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான்.

"இன்னாம்மா எழுதிக்கீது?" என்று உன் அம்மா கேட்டார்.

"பூக்கடை பேரு ஆன்ட்டி."

"கடை பேரு இன்னாத்துக்கு எம்பொண்ணு மேல?" என்று அதைப் பிய்த்துக் கீழே போட்டார். நான் தடுக்கவில்லை.

அவர்கள் உன்னை மனசாரப் போகவிட்டார்கள். நான் விடவில்லை. அந்தச் சொல் இப்போது என்னிடம் மட்டும்தான் இருக்கிறது, உனக்குத் தரமாட்டேன்.