மேடைப்படி விஷயம்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். நானும் உன் அம்மாவும் இங்கே நலம் என்று எழுதினால் பாதிப் பொய்யாகிவிடும், உடம்புக்கு ஒன்றும் இல்லை என்று மட்டும் வைத்துக்கொள். அங்கே நீயும் மாப்பிள்ளையும் குட்டியும் நலம்தானே என்று ஒப்புக்குக் கேட்டுவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுகிறவன் நான், இந்தத் தடவை நிஜமாகவே பதில் தெரியாமல் கேட்கிறேன். குட்டிக்கு இருமல் விட்டதா, உன் முதுகுவலி எப்படி இருக்கிறது, ஆபீஸ் நாற்காலியை மாற்றித் தரச் சொல்லிக் கேட்டாயா. போனில் கேட்கலாமென்றால் நீ இப்போதெல்லாம் திருட்டுத்தனமாகப் பேசுகிறவள் மாதிரி கிசுகிசுக்கிறாய், "அப்புறம் பேசறேம்பா" என்று வைத்துவிடுகிறாய். உன் அம்மாவின் பேச்சை எடுத்தாலே மாப்பிள்ளை எழுந்து அடுத்த அறைக்குப் போய்விடுகிறார் என்று நீ சொன்னதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. அவருடைய அப்பா இடுப்பெலும்பு உடைந்து ஆஸ்பத்திரியில் கிடந்ததற்கு உன் அம்மாதான் காரணம் என்று அவர் நினைக்கிறார். நடந்தது முழுக்கத் தெரிந்தவர்கள் மூன்று பேர்தான். மற்ற இருவரும் வாயைத் திறக்க மாட்டேன் என்கிறார்கள், அதனால் நான் எழுதுகிறேன்.

நம் குடியிருப்பு மன்றக் கூடம் உனக்குத் தெரியாததல்ல, அந்த மேடையில்தான் நீ முயல் வேஷம் போட்டுக்கொண்டு நடு நாடகத்தில் தூங்கிப்போனாய். நீ பிறப்பதற்கு முன்னாலிருந்தே அந்த ஒரே கூடத்தைப் பாட்டுக் குழு, சதுரங்கக் குழு, தபால்தலைச் சங்கம் (இப்போது அதில் மூன்றே பேர், அதிலும் இரண்டு பேருக்குப் பேச்சுவார்த்தை கிடையாது), உன் அம்மாவின் நாடக மன்றம், உன் மாமனாரின் ஷட்டில் கிளப் என்று எல்லாரும் நாள் பிரித்துக்கொண்டு ஓட்டுகிறோம். நான் நாடகத்துக்கு விளக்குப் போடுகிறவன், ஷட்டிலில் உன் மாமனாருக்கு ஜோடி. உன் கல்யாணப் பேச்சே அந்தக் கூடத்து வாசலில் வியர்வையைத் துடைத்துக்கொண்டே நாங்கள் ஆரம்பித்ததுதான். இந்த வருஷப் பொதுக்குழுவுக்கு உன் மாமனார் ஒரு தீர்மானம் கொடுத்தார், மேடையை இடித்துவிட்டால் ஷட்டிலுக்கு இரண்டாவது கோர்ட் போடலாம் என்று. அவ்வளவுதான், தீப்பிடித்துக்கொண்டது. "எங்க மேடையில கை வெச்சுப் பார்க்கட்டும்" என்று உன் அம்மா சமையலறையிலிருந்து தெருவுக்கே கேட்கிற மாதிரி சொன்னாள். உன் மாமியார் காய்கறிக் கடையில் உன் அம்மாவைப் பார்த்ததும் வாங்கின தக்காளியைக் கூட எடுக்காமல் திரும்பிப் போனார். நான் அந்தப் பக்கம் ஒரு வார்த்தை பேசினால் வீட்டில் காபி ஆறிப்போய் வரும், இந்தப் பக்கம் பேசினால் ஷட்டிலில் பந்து நேராக என் மூஞ்சிக்கு வரும்.

பொதுக்குழுவுக்கு முந்தின வாரம் ஒரு சாயங்காலம், நாடக மன்றத்துக்கு ஒதுக்கிய நாள். மேடையின் வலதுபக்க மரப்படி ஆடுகிறது, பெயிண்டும் உரிந்துவிட்டது என்று உன் அம்மா அதை எடுத்துப் பின்வாசலுக்குக் கொண்டுபோகச் சொன்னாள். நமக்கு மேக்கப் போடுவாரே சலூன்காரர், எல்லாரும் பவுடர் என்று கூப்பிடுவோமே, அவர்தான் தூக்கிக்கொண்டு போனார். நம் ஆட்களைத் தவிர அன்றைக்கு யாரும் வர மாட்டார்கள் என்ற நினைப்பில் ஒரு நாற்காலியைக் கூட அங்கே குறுக்கே போடவில்லை. எல்லாரும் பின்வாசலில் பெயிண்ட் டப்பாவோடு இருந்தபோது உள்ளே மூட்டை விழுந்த மாதிரி ஒரு சத்தம். நான் முதலில் ஓடினேன், எனக்குப் பின்னால் உன் அம்மா. மேடைத்திரை மூடியிருந்ததால் உள்ளே அரை இருட்டு. படி இருந்த இடத்துக்கு நேர் கீழே உன் மாமனார் ஒருக்களித்துக் கிடந்தார். முன்வாசல் சாவி அவரிடமும் ஒன்று உண்டு. இடதுபக்கப் படியில் ஏறி, யாருக்கும் தெரியாமல் மேடையை அளந்துகொண்டே வந்து, வலதுபக்கம் படி இருக்கிறது என்று காலை வைத்திருக்கிறார். அளக்கிற டேப்பின் ஒரு முனை மேடையின் அந்தக் கோடியில் மாட்டியிருந்தது, மறுமுனை அவர் கையில். என்னைப் பார்த்ததும் அவர் முதலில் சொன்னது வலிக்கிறது என்பதல்ல. "சம்பந்தி, அந்த டேப்பைச் சுருட்டிப் பையில போட்டுக்குங்க" என்றார். நானும் போட்டுக்கொண்டேன். உன் அம்மா அதைப் பார்த்தாள், அவர் தலையைத் தன் மடியில் தூக்கி வைத்துக்கொண்டு ஆம்புலன்சுக்குப் போன் பண்ணச் சொல்லிக் கத்தினாள். மற்றவர்கள் அப்புறம்தான் வந்தார்கள்.

மறுநாள் குடியிருப்பு முழுக்க ஒரே பேச்சு, தீர்மானம் வருகிறது என்று தெரிந்து வேண்டுமென்றே படியை எடுத்து வைத்தார்கள் என்று. ஆபரேஷன் முடிந்த பிறகும் உன் மாமியார் வார்டு வாசலிலேயே நின்றுகொண்டு "இப்ப வேண்டாம்" என்று எங்களைத் திருப்பி அனுப்பினார். அடுத்த தடவை உன் அம்மா கேட்கவே இல்லை, நேராக உள்ளே போய்க் கட்டில் பக்கத்தில் நின்றாள். "படியை எடுக்கச் சொன்னது நான்தான். அங்க எதையாவது குறுக்கே வெச்சிருக்கணும், வெக்கல. தப்பு என்னோடது" என்றாள். அவர் மேலே ஓடுகிற மின்விசிறியையே பார்த்துக்கொண்டு, "தப்பு கிடக்கட்டும். ஞாயித்துக்கிழமை கூட்டம், நான் இங்க கிடக்கறேன். எங்க பசங்களுக்குப் பந்து அடிக்கத் தெரியும், நாலு பேர் முன்னாடி பேச வராது. நீங்க ஜெயிச்சுட்டீங்க, போயிட்டு வாங்க" என்றார். உன் அம்மா போகவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "நீங்க என்ன பேசறதா இருந்தீங்க, சொல்லுங்க. நான் பேசறேன்" என்றாள். உன் மாமியார் ஆரஞ்சு உரித்துக்கொண்டே, "நடிப்புக்குக் கேக்கணுமா" என்றார். உன் அம்மாவின் முகம் சிவந்துபோனது, எனக்கு அங்கேயே நிற்க முடியவில்லை. ஆனால் அவள் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். அவர் வேண்டாவெறுப்பாகத்தான் ஆரம்பித்தார், போகப் போகச் சூடு பிடித்துவிட்டது. வேஷத்துக்கு வசனம் கேட்கிற மாதிரி, "இதை யாரைப் பார்த்துச் சொல்லுவீங்க, இந்த இடத்துல கோபமா, வருத்தமா" என்று அவள் கேட்டுக் கேட்டு வாங்கிக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை கூடம் நிரம்பி வாசல் வரை ஆள். நான் சுவிட்ச் போர்டு பக்கத்தில் நின்றேன். அவள் நிஜமாகத்தான் பேசப் போகிறாளா, இல்லை எழுந்து நின்று அவரைக் கிண்டலடித்துச் சபையைச் சிரிக்க வைக்கப் போகிறாளா என்று எனக்கே தெரியாது. நாடக மன்றத்தார் முன்வரிசையில் சிரித்த முகமாக உட்கார்ந்திருந்தார்கள், அவர்கள் இரண்டாவதைத்தான் எதிர்பார்த்தார்கள். மன்றத் தலைவரான பல் டாக்டர் தீர்மானத்தைப் படித்து, கொண்டு வந்தவர் சார்பில் இவர் பேசுவார் என்று உன் அம்மாவைக் காட்டியதும் கசமுசா என்று சத்தம். அவள் மேடையில் ஏறவில்லை, கீழேயே நின்று தன் சொந்தக் குரலில் பேசினாள். தினமும் சாயங்காலம் பிள்ளைகள் மட்டையோடு சுவர் ஓரமாக வரிசையில் நிற்கிறார்கள், முறை வருவதற்குள் நேரம் முடிந்து பந்தைத் தொடாமலே வீட்டுக்குப் போகிறார்கள் என்று சொல்லிக்கொண்டே போய் அந்தச் சுவரைத் தொட்டுக் காட்டினாள். பிள்ளைகள் சாய்ந்து சாய்ந்து அந்த உயரத்துக்குப் பெயிண்டே போயிருக்கிறது. இத்தனை வருஷம் அங்கே விளையாடுகிறேன், நான் பார்த்ததில்லை. பவுடர் எழுந்து, "என்னம்மா இது, நீங்க யார் பக்கம்?" என்று கிட்டத்தட்ட அழுதார். பல் டாக்டர் சமாதானமாக, அப்படியானால் நாடக மன்றத்துக்காகவும் நீங்களே பேசுங்கள் என்றார். "நான் ஒரே மேடையில ரெண்டு வேஷம் போடறதில்லீங்க" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டாள். கடைசியில் பவுடர்தான் பேசினார், "எங்களை மாதிரி ஆளுங்களை யாரு திரும்பிப் பார்க்கறாங்க, இந்த மேடை மேல ஏறினாத்தான் பார்க்கறாங்க" என்றதற்கு மேல் அவருக்கு வார்த்தை வரவில்லை. கை தூக்கச் சொன்னார்கள். பேச்சுவார்த்தை இல்லாத தபால்தலைக்காரர்கள் இருவரில் ஒருவர் தூக்கினதைப் பார்த்து மற்றவர் இறக்கிக்கொண்டார். மேடை இருக்கட்டும் என்பவர்களைக் கேட்டபோது உன் அம்மா நேராகக் கையைத் தூக்கினாள், அதை யாரும் கவனித்த மாதிரி தெரியவில்லை. மேடை தோற்றுவிட்டது.

வீட்டுக்கு வரும் வழியில் நான் கேட்டேன், நம்ம பொண்ணு அந்த வீட்டில் வாழ வேண்டுமே என்று பண்ணினாயா என்று. நடுரோட்டில் நின்றுவிட்டாள். "அவளுக்காகன்னா உடம்பு சரியில்லன்னு வீட்டுல படுத்திருப்பேன். அந்த மனுஷன் சொன்னதுல நியாயம் இருக்கு. அவர் விழுந்து கிடக்கறப்போ அந்த நியாயத்தை நான் அமுக்கிடலாமா?" என்றாள். பவுடர் அதற்கப்புறம் நம் வாசல் பக்கமே வருவதில்லை. ஆஸ்பத்திரியில் போய் நான் விவரம் சொன்னபோது உன் மாமனார், "முழுசாப் பேசினாங்களா? சுவரையும் சொன்னாங்களா?" என்று கேட்டார். பிறகு, "நானா இருந்தா பேசியிருக்க மாட்டேன் சம்பந்தி" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். அளக்கப் போனதைப் பையனிடம் தானே சொல்வதாகச் சொன்னார். வீட்டுக்கு வந்து வாக்கர் பிடித்து நடக்கவும் ஆரம்பித்துவிட்டார், பையனிடம் சொன்னீர்களா என்று கேட்டால் இன்னும் நாளைக்கு என்கிறார்.

அதற்குள் மாப்பிள்ளை உன் அம்மாவுக்குப் போன் பண்ணினார், உனக்குத் தெரியுமோ தெரியாதோ. நான் பக்கத்தில்தான் இருந்தேன். அவர் என்ன கேட்டாரோ, இவள் சொன்னது, "ஆமாங்க மாப்பிள்ளை, படியை எடுக்கச் சொன்னது நான்தான்." அவ்வளவுதான். டேப்பைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை, கூட்டத்தில் பேசினதைப் பற்றியும் இல்லை. அந்தப் பக்கம் வைத்துவிட்டார். மீதியை ஏன் சொல்லவில்லை என்று நான் குதித்தேன். "அது அவங்க அப்பா சொல்ல வேண்டியது, நாம சொன்னா கோள்" என்று பாத்திரம் கழுவப் போய்விட்டாள். அன்றிலிருந்து போன் அடித்தால் ஈரக்கையைக் கூடத் துடைக்காமல் ஓடி வருகிறாள், அடிப்பது என் போன், அதில் உன் பேர் என்று பார்த்துவிட்டு என்னிடம் நீட்டிவிட்டுத் திரும்பிப் போகிறாள். எனக்குப் பொறுக்கவில்லை. கோள் என்றால் கோளாகவே இருக்கட்டும். இதை மாப்பிள்ளையிடம் காட்டுவதும் காட்டாததும் உன் பொறுப்பு. அவருடைய அப்பாவைக் குறைத்துப் பேச எழுதவில்லை என்று மட்டும் சொல், அவர் நல்ல மனுஷர், வயசானவர்களுக்கு வெட்கம் வந்துவிட்டால் குழந்தையைவிட மோசம்.

இந்த இடத்தில் பேனாவை வைத்துவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போனேன். திரும்பி வந்தால் உன் அம்மா மேஜை பக்கத்தில் நின்று எல்லாவற்றையும் படித்துக்கொண்டிருக்கிறாள். கிழித்துப் போடப் போகிறாள் என்றுதான் நினைத்தேன். கண்ணாடியைக் கழற்றி முந்தானையால் துடைத்துக்கொண்டு, "எழுதறதுதான் எழுதறீங்க, அந்தப் படி இருந்த இடத்துல குறுக்கே நாற்காலி போட என் தலையில தோணலைன்னு போடுங்க. எல்லாருக்கும் தோணாத மாதிரி எழுதியிருக்கீங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள். போட்டுவிட்டேன்.

நீயும் மாப்பிள்ளையும் மனம் ஒத்து நீண்ட காலம் நன்றாக இருக்க வேண்டும், குட்டி நோய்நொடி இல்லாமல் வளர வேண்டும், எங்கள் இருவருடைய ஆசீர்வாதமும் உங்கள் மூவருக்கும் எப்போதும் உண்டு. ஆபீஸ் நாற்காலியை மறக்காதே, வலி முற்றின பிறகு மாற்றிப் பயனில்லை. திங்கட்கிழமை காலையில் மேடையைப் பிரிக்க ஆள் வருகிறார்கள், நான் விளக்குகளைக் கழற்றப் போவேன், உன் அம்மாவும் வருகிறேன் என்கிறாள். முடிந்தால் அன்றைக்குச் சாயங்காலம் போன் பண்ணு, என் நம்பருக்கு வேண்டாம், அவள் நம்பருக்கு.

இப்படிக்கு,
உன் அன்பு அப்பா