வண்டியின் முகம் எந்தப் பக்கம்

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. நான் நடமாடிக்கொண்டிருக்கிறேன், முழங்கால் மட்டும் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை. நீயும் மாப்பிள்ளையும் பேரப்பிள்ளைகள் இரண்டு பேரும் சளி காய்ச்சல் இல்லாமல் இருக்கிறீர்கள் என்று நினைத்துக்கொண்டு எழுதுகிறேன். ஃபோன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பாய். ஃபோனில் சொன்னால் நடுவில் நீ அழுவாய், அதையே சாக்காக வைத்து நான் பேச்சை மாற்றிவிடுவேன். காகிதத்தில் அந்த வசதி கிடையாது. ஐந்தாம் வகுப்போடு நின்ற எழுத்து, பொறுத்துப் படி.

போன வாரம் பேசும்போது நீ இரண்டு விஷயம் சொன்னாய். ஒன்று சிரித்துக்கொண்டே சொன்னது. கடைக்குப் போனால் நீ காரை நேராக உள்ளே விட்டு நிறுத்துகிறாய், மாப்பிள்ளை பின்பக்கமாகத்தான் விட வேண்டும் என்கிறார், அதற்கு இரண்டு பேருக்கும் தினம் சண்டை என்றாய். இன்னொன்று சிரிக்காமல் சொன்னது. அப்பாவின் நினைவு நாளுக்கு வரமாட்டேன், அண்ணன் முகத்தில் முழிக்கமாட்டேன், நீ மூட்டையைக் கட்டிக்கொண்டு என்னோடு வந்துவிடு என்றாய். கால் வலிக்கிறது என்று ஃபோனை வைத்துவிட்டேன். அந்த இரண்டுக்கும் சேர்த்துத்தான் இது பதில்.

என் ஞாபகசக்தி உனக்குத் தெரியும். உன் பெரிய அத்தை என் வளையலைத் திருப்பிப் பார்த்துப் பித்தளையா என்று கேட்டு நாற்பத்தாறு வருடம் ஆகிறது, இன்றைக்கும் அவள் வீட்டில் நான் தண்ணீர் குடிப்பதில்லை. கீழ்வீட்டுத் தண்ணீர் கேன்காரன் தன் வேனை நம் இடத்தில் அரை அடி ஏற்றி நிறுத்த ஆரம்பித்தது ஆறு வருடத்துக்கு முன்னால் ஒரு திங்கட்கிழமை, அன்றைக்கு அவன் கோடு போட்ட சட்டை போட்டிருந்தான். இதையெல்லாம் பெருமைக்காக எழுதவில்லை. கடைசியில் வேண்டியிருக்கும்.

உன் அப்பா முப்பத்தொரு வருடம் தீயணைப்பு வண்டி ஓட்டினவர். அந்த வண்டியைக் கொட்டகைக்குள் பின்பக்கமாகத்தான் விடுவார்கள், முகம் வாசலைப் பார்த்தே நிற்கும், மணி அடித்தால் ஏறி உட்கார்ந்து கிளம்ப வேண்டியதுதான். வீட்டிலும் அவருக்கு அதே சட்டம். கழற்றிப் போட்ட செருப்பின் நுனிகூட வாசலைப் பார்க்க வேண்டும், நீ நடை பழகின மூன்று சக்கர வண்டியையும் திருப்பித்தான் வைப்பார். உன் அண்ணனுக்கு வண்டி பழக்கும்போது இரண்டு வாளியைத் தூண் மாதிரி வைத்து, நடுவில் பின்னால் விடச் சொல்லி ஒரு மாதம் உயிரை எடுத்தார். கண்ணாடியப் பாருடா, அவசரப்படாத, பின்னால வரும்போது அவசரமே கூடாதுன்னு ஒரே பாட்டு. அண்ணனும் அப்படித்தான் நிறுத்திக்கொண்டிருந்தான், அந்தக் கடைசி நான்கு நாள் தவிர.

அந்த வியாழக்கிழமை காலையில் அப்பா மார்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். ஆம்புலன்ஸ் வர முக்கால் மணி ஆகும் என்றார்கள். அண்ணனும் தண்ணீர் கேன்காரனும் நாற்காலியோடு தூக்கிக் கீழே கொண்டுவந்து பின் சீட்டில் கிடத்தினார்கள். வண்டியின் முகம் சுவரைப் பார்த்து நின்றது. இந்தப் பக்கம் தூண், அந்தப் பக்கம் வேன், பின்னால் பள்ளிக்கூடத்துக்குப் போகும் பிள்ளைகள் குறுக்கும் நெடுக்கும். முகம் வெளியே பார்த்திருந்தால் பிள்ளைகளைப் பார்த்து விலக்கிக்கொண்டு போயிருப்பான். பின்னால் எடுக்கும்போது அவனுக்கு ஒன்றும் தெரியவில்லை. தூணில் இடித்தான், முன்னால் போனான், மறுபடி பின்னால் வந்தான். பத்து நிமிடம். கொஞ்சம் முன்னாடி கொண்டுவந்திருந்தா பாத்திருக்கலாம் என்று டாக்டர் சொன்னதும் நான் ஆஸ்பத்திரி வராந்தாவுக்கு வந்து, உன் சோம்பேறித்தனம் உங்கப்பாவக் கொன்னுடுச்சுடா என்றேன். அதையே அப்போதே ஃபோனில் உனக்கும் சொன்னேன். அவன் பக்கத்தில்தான் நின்றான், கையில் அப்பாவின் செருப்பு. அன்றைக்கு நீ அவனோடு விட்ட பேச்சுதான், இந்த மாதத்தோடு பதினொரு மாதம்.

போன செவ்வாய்க்கிழமை அடுப்படியில் உன் அண்ணியோடு ஒரு சண்டை. பால் பொங்கியதில் ஆரம்பித்தது. நான் வழக்கம்போல, அப்பனைக் கொன்னவன் பெண்டாட்டிக்குப் பால் பொங்கினா என்ன, வீடு எரிஞ்சா என்ன என்றேன். இத்தனை நாள் கேட்டுக்கொண்டிருந்தவள் கரண்டியைக் கீழே வைத்துவிட்டுத் திரும்பினாள். புகை வருதுன்னு வண்டி மூஞ்சிய உள்ள வெக்கச் சொன்னது யாரு அத்தை, நானா, அவரா என்று கேட்டாள். உன் அண்ணன் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். விடு, அம்மாவுக்கு அதெல்லாம் ஞாபகம் இருக்காது என்று சொல்லிவிட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு கழுவப் போய்விட்டான்.

எனக்கு ஞாபகம் இருக்காதாம். நான் என்ன செய்தேன் தெரியுமா. மறந்துபோனவள் மாதிரியே நின்றேன்.

இப்போது எழுதுகிறேன். அப்பா போவதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், அண்ணன் பச்சைச் சட்டை போட்டிருந்தான். பின்னால் விட்டு நிறுத்தினால் புகைக்குழாய் நம் சமையலறை ஜன்னலுக்கு நேர் கீழே வரும், காலையில் அவன் இன்ஜினை ஓடவிட்டுக் கண்ணாடி துடைப்பான், புகை முழுக்க என் அடுப்படிக்கு வரும். என்னப் புகைபோட்டே கொல்லப் பாக்கிறியா, இன்னியிலேர்ந்து மூஞ்சிய சுவத்துப் பக்கம் வெச்சு நிறுத்து என்று கத்தினேன். அப்பா திட்டுவாரும்மா என்றான். இந்த வீட்டுல சமைக்கிறது உங்கப்பாவா நானா என்றேன். அப்பா பேப்பரை மடித்துக்கொண்டே, உங்கம்மா சொல்றபடி செய்டா, இங்க மணியா அடிக்கப்போகுது என்றார். அவன் அப்போதே கீழே போய் வண்டியைத் திருப்பி நிறுத்திவிட்டு வந்தான். நான்காம் நாள் அப்பா இல்லை.

இன்னொன்றும் உன்னிடம் பொய் சொன்னேன். கடைசியில் அப்பா என்ன சொன்னார் என்று நீ கேட்கும்போதெல்லாம் ஒன்றும் பேசவில்லை என்றேன். பேசினார். என் மடியில் தலை, கண் மூடியிருந்தது, அண்ணன் பின்னால் எடுக்கத் திணறும்போது, ஸ்டீயரிங்க இன்னும் ஒடி, இன்னும் கொஞ்சம், இப்ப நேராக்கு என்று சொல்லிக்கொண்டே வந்தார். திட்டவில்லை, குரல்கூட உயரவில்லை. கேட்டைத் தாண்டினதும், ம், இனிமே போ என்றார். அவ்வளவுதான். அவர் அவனை வண்டியை எடுக்க வைத்துவிட்டுப் போனார், நான் அவனைக் குற்றவாளி ஆக்கிவிட்டு உட்கார்ந்திருக்கிறேன்.

இப்போது அண்ணன் பின்னால் விட்டுத்தான் நிறுத்துகிறான். நேராக நிற்கும்வரை நான்கு தடவை, ஐந்து தடவை எடுத்து எடுத்து விடுகிறான், நான் ஜன்னலில் நின்று பார்க்கிறேன். காலையில் தெருவுக்குக் கொண்டுபோய்த்தான் கண்ணாடி துடைக்கிறான். புகை வருவதே இல்லை. அன்றைக்கும் தெருவில் வைத்துத் துடை என்று சொல்லியிருந்தால் போதும், எனக்குத் தோன்றவில்லை.

நான் உன்னோடு வரவில்லை. அவனிடம் இதை என் வாயால் சொல்ல வேண்டும், இன்னும் வாய் வரவில்லை. அதற்குள் நீ அவனிடம் பேசு. தண்ணீர் கேன்காரனையும் பெரிய அத்தையையும் நான் மன்னிக்கப்போவதில்லை, அது வேறு.

பிள்ளைகளுக்குத் தலைக்கு எண்ணெய் வை. நீங்கள் நால்வரும் குறையில்லாமல் இருக்க வேண்டும், நீண்ட ஆயுளோடு இருக்க வேண்டும். காரை மாப்பிள்ளை சொல்கிறபடியே பின்னால் விட்டு நிறுத்து, புகை எங்கே போகிறது என்று ஒரு தடவை இறங்கிப் பார். கடிதம் கிடைத்த அன்றைக்கே ஃபோன் செய், எனக்கு வேண்டாம், அண்ணனுக்கு. இந்தப் பேச்சு வந்தால், அம்மாவுக்கு ஞாபகம் இல்லை என்றுதான் அவன் உன்னிடமும் சொல்வான். நம்பாதே.

இப்படிக்கு,
உன் அம்மா