பிரேக்கை மிதித்தால் அணைந்த விளக்கு

மச்சான்,

இன்று காலை பிக்கப்பின் சீட்டைத் தூக்கியபோது, நான் போடாத வயர் ஒன்று உள்ளே கிடந்தது. வண்டிக்குள் எரியும் சின்ன விளக்கு சில நாட்களாக எரியவில்லை. எலி கடித்திருக்கும் என்று நினைத்துத்தான் தேடினேன். எலிதான் கடித்திருந்தது. ஆனால் கடிபட்ட அந்தக் கறுப்பு வயரை நான் முன்பு கண்டதேயில்லை. விளக்கிலிருந்து இறங்கி, தனக்கென்று வண்டியின் உடம்பில் புதிதாகப் போட்ட ஒரு ஆணியில் போய் முடிந்திருந்தது. நுனியை உள்ளே மடித்து, டேப்பை இழுத்துச் சுற்றியிருந்த விதத்தைப் பார்த்ததும் உன் கைவேலை என்று தெரிந்துவிட்டது. அந்தச் சோதனைச் சாவடியில் நடந்ததற்குப் பிறகு நீ இந்த வண்டியைத் தொடவேயில்லை என்றல்லவா இவ்வளவு காலமும் நினைத்திருந்தேன்.

சுனாமி இந்த வண்டியை எங்கள் வீட்டு வளவிலிருந்து இழுத்துக்கொண்டு போய்த் தென்னந்தோப்புக்குள் சரித்துப் போட்டது. பழைய இரும்புக்குக் கொடுக்கத்தான் சரி என்றார்கள் எல்லாரும். நீதான் பட்டிருப்புப் பாலத்தைத் தாண்டி சைக்கிளில் வந்து, செட்டிபாளையத்து வெயிலில் அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்து, "கடல் குடிச்ச கழுத. கக்க வெச்சுப் பாப்பம்" என்றாய். கிணற்றுத் தண்ணீரால் கழுவினோம், வயர்களை உருவினோம். வெளியே நன்றாக இருந்தவற்றின் உள்ளே செம்பு பச்சை பிடித்திருந்தது. ஒன்றை உரித்து என் மூக்குக்கு நேரே நீட்டி, "மணந்து பார், கருவாடு" என்றாய். கடல் என் அம்மாவைக் கொண்டுபோய்ச் சில வாரங்கள்கூட ஆகவில்லை. சிரித்துவிட்டேன். அழுதும்விட்டேன். நீ ஒன்றும் காணாதவன் போல அடுத்த வயரை உரித்தாய்.

வண்டி ஓடியது. ஆனால் உப்பு லேசில் விடவில்லை. பின்னாலுள்ள பிரேக் விளக்குகளுக்கும் உள் விளக்குக்கும் சேர்த்து நீ ஒரே எர்த் போட்டிருந்தாய். மின்சாரம் பற்றரிக்குத் திரும்பிப் போகிற வழி அது. சில வருடங்களில் அந்த எர்த் வயரை முடுக்கிய ஆணியில் துரு ஏறியதும், பிரேக்கை மிதித்தால் உள் விளக்கு மங்கி அணையும், காலை எடுத்தால் எரியும். வெள்ளாமை வெட்டுக் காலம், நெல் ஏற்றி ஓட்டத்துக்கு மேல் ஓட்டம். "அது கண்ணடிக்குது மச்சான், உன்னில ஆசை போல" என்று பகிடி பண்ணினாய். வெட்டு முடியட்டும், பார்ப்போம் என்று நானும் விட்டுவிட்டேன்.

வன்னியில் சண்டை முடியும் தறுவாயில் இருந்த நாட்கள் அவை. இங்கேயும் யாருக்கும் யாரிலும் நம்பிக்கை இல்லை. இருட்டினால், சோதனைச் சாவடியை நெருங்கும்போது முன்விளக்கை அணைத்து, உள் விளக்கைப் போட்டு, முகம் தெரியும்படி நிறுத்த வேண்டும். நிறுத்துவதற்குப் பிரேக்கை மிதிக்க வேண்டும். ஓடும்போது பார்த்தால்தான் பிழை பிடிபடும் என்று அன்று நீயும் கூட வந்தாய். வவுணதீவு வயல் வட்டையில் நெல் மூட்டை ஏற்றிக்கொண்டு திரும்பும்போது மைமலாகி இருட்டிவிட்டது. ராணுவத்தான் எட்டிப் பார்த்த நேரத்தில் என் கால் பிரேக்கில் இருந்தது. விளக்கு அணைந்தது.

"பஹின்ன" என்று கத்தி உன்னை இறக்கினார்கள். கையைத் தூக்கியபடி, அரைகுறைச் சிங்களத்தில் எர்த் பிழை என்று விளக்கினாய். என்னை மிதித்துக் காட்டச் சொன்னான் ஒருவன். மிதித்தேன், அணைந்தது. எடுத்தேன், எரிந்தது. அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. விளக்கு அணைந்தால் குந்து, எரிந்தால் எழும்பு என்று உனக்குச் சைகை காட்டினான். காதையும் பிடிக்கச் சொன்னான். எனக்குத் துவக்கு முனையால் பிரேக்கைக் காட்டினான்.

எவ்வளவு நேரம் மிதித்தேனோ தெரியாது. மெதுவாக மிதித்தால் நீ குந்தியபடியே நடுங்கினாய். கெதியாக மிதித்தால் மூச்சு வாங்கினாய். எப்படி மிதித்தால் உனக்கு நோகாது என்று எனக்குத் தெரியவில்லை. பின்னால் நின்ற பஸ்ஸில் நம் ஊர்ச் சனம் இருந்தது. ஊரெல்லாம் வாய் ஓயாத உன்னை அவர்கள் அப்படிப் பார்த்தார்கள். உன்னைக் குந்த வைத்தது யார் என்றும் பார்த்திருப்பார்கள்.

அவர்கள் விட்ட பிறகு வழியெல்லாம் நான் ரோட்டையே பார்த்து ஓட்டினேன். சந்தியில் இறங்கும்போது "மறுகா வாறன்" என்றாய், பிறகு வருவதாக. வரவில்லை. நானும் உன்னிடம் வரவில்லை. வேறு ஆளிடம் காட்டவும் மனம் வராமல், துருப்பிடித்த ஆணியை நானே சுரண்டினேன். சில நாட்களில் விளக்கு மங்குவது நின்றது. நான்தான் சரியாக்கினேன் என்று நினைத்துக்கொண்டேன். கலியாண வீடுகளில் உன்னைக் கண்டால் தலையை ஆட்டிவிட்டு வேறு பந்திக்குப் போவேன். உனக்கு வேலை கூட, எனக்கு ஓட்டம் கூட என்று எனக்கே பொய் சொன்னேன். உன்னைக் கண்டால் என் வலது கால் கூசும், அதுதான் உண்மை. போன மாரியில் சீனி வருத்தம் உன்னைக் கொண்டுபோன அன்றும், பெட்டியில் கிடந்த உன் காலடியில் நின்றுவிட்டு, முகத்தைப் பாராமல் திரும்பி வந்தேன்.

இன்று அந்த வயரைக் கையில் பிடித்தபடி மனைவியிடம் கேட்டேன்.

"அவர் வந்தவர். அந்தச் சென்றியில ஆமிக்காரன் மறிச்சு அடுத்த கிழமை. நீங்க வயலுக்குப் போயிருந்தீங்க. சொல்ல வேணாம் எண்டவர்."

"என்ன கதைச்சவன்?"

"மச்சானுக்கு என்னில கோவமா புள்ள எண்டு கேட்டவர். கோவமில்ல அண்ண, வெக்கம் எண்டன்."

நீ டேப்பை இழுத்துச் சுற்றி முடித்தாயாம். பிறகுதான் சொன்னாயாம்: "நான் குந்தி எழும்பினத நாளைக்கே மறந்திருவன் புள்ள. அவன் மிதிச்சத மறக்க மாட்டான். பாவம் அவன்."

என்னை எண்ணிப் பாவப்பட்டிருக்கிறாய். அதை என் முகத்துக்கு நேரே சொல்ல உனக்கு நான் ஒரு நாளும் இடம் கொடுக்கவில்லை. எலி கடித்த இடத்தை ஒட்டிவிட்டேன். மத்தியானம் வண்டியை எடுத்துக்கொண்டு போய், யாருமில்லாத இடத்தில் பிரேக்கை மிதித்துப் பார்த்தேன். விளக்கு மங்காமல் எரிந்தது. அதை நிமிர்ந்து பார்க்க முடியாமல், மிதித்த காலை எடுக்கவும் முடியாமல், கனநேரம் அப்படியே இருந்தேன், மச்சான்.