கருஞ்சிவப்பு ஏறாத இலைகள்

ஜூன் 9, செவ்வாய்

இன்றும் நிறம் ஏறவில்லை. ஒவ்வொரு தட்டாக வெளியே இழுத்துப் பார்த்தேன். இலை ஓரத்தில் மட்டும் கொஞ்சம் சிவப்பு, உதட்டுச்சாயம் அழிந்து போன மாதிரி. மற்றபடி பச்சை. பச்சை லெட்டூஸ் கீரை எந்தக் கடையில் கிடைக்காது? அதை வளர்க்கவா பள்ளிக்கூட வேலையை விட்டுவிட்டு, இந்த மூன்றாம் மாடிக் கூடத்தில் சூரியனையே பார்க்காமல் விளக்கு போட்டு உட்கார்ந்திருக்கிறேன்?

இருபத்து நாலாம் தேதி ஹோட்டல் சமையல்காரர் பார்க்க வருகிறார். அவர் கேட்டது கருஞ்சிவப்பு. பிடித்துவிட்டால் வருஷம் முழுக்க அவர் நம்மிடம்தான் வாங்குவார். பிடிக்காவிட்டால் கூடத்தை, விலைக்குக் கேட்டுக்கொண்டிருக்கிற அந்தப் பெரிய பண்ணைக்காரருக்குக் கொடுத்துவிட வேண்டியதுதான். தங்கையிடம் அப்படித்தான் சொல்லியிருக்கிறேன். சொன்னால் சொன்னதுதான். ஆனால் சொல்லும்போது இப்படி ஆகும் என்று யார் நினைத்தது?

ஜூன் 12, வெள்ளி

சூடாக இருக்குமோ? சூடு கூடினாலும் இந்தச் சிவப்பு வராது. ஏசியை இன்னும் குளிராக வைத்தேன். எனக்குத்தான் தும்மல் வந்தது, இலைக்கு ஒன்றும் வரவில்லை.

ஜூன் 15, திங்கள்

விசித்திரம் என்னவென்றால், செடிகள் நோஞ்சானாக இல்லை. போன அறுவடையைவிடக் கொழுகொழுவென்று இருக்கின்றன. தராசில் வைத்தால் எடை கூடத்தான் நிற்கிறது. சின்னவள் (என் தங்கை, வீட்டில் அவளுக்கு அதுதான் பெயர், முப்பத்தாறு வயதிலும்) தராசைப் பார்த்துவிட்டு, "பாருக்கா, நிறம் போனா என்ன, உடம்பு நல்லாதானே இருக்கு!" என்றாள். சிரித்துவிட்டேன். அவள் சொன்னால் சிரிப்பு வந்துவிடும்.

ஆனாலும் மண்டை குடைகிறது. பிள்ளைகளுக்கு எத்தனை தடவை சொல்லிக்கொடுத்திருப்பேன். பச்சையம்தான் சமையல்காரி. சிவப்பு ஒளியையும் நீல ஒளியையும் நன்றாக விழுங்கிக்கொள்வாள். பச்சை ஒளியில் ஒரு பங்கை வேண்டாமென்று திருப்பி அனுப்புவாள், அதனால்தான் இலை நம் கண்ணுக்குப் பச்சை. இந்தக் கருஞ்சிவப்புச் சாயம் சமையலில் கை நனைக்காது. அது வெறும் குடை. வெளிச்சம் உறைத்தால் இலை விரித்துக்கொள்வது. குடை பிடிக்காத செடி அந்தச் சக்தியையும் சேர்த்து வளரத்தான் செய்யும். சரி, ஏன் குடை பிடிக்கவில்லை? நீல ஒளி பட்டால் பிடித்தே ஆக வேண்டுமே. நான் வரும்போதும் போகும்போதும் விளக்குகள் சிவப்பும் நீலமும் கலந்து ரோஜா நிறத்தில்தான் எரிகின்றன.

அப்படியானால் விதைதான்.

ஜூன் 17, புதன்

விதைக்காரருக்கு போன் போட்டேன். நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டேன். "என் தலையில பழைய விதையக் கட்டிட்டீங்க. கலப்படம் பண்ணியிருக்கீங்க."

"டீச்சர், இதே விதையத்தான் வேற ரெண்டு பேருக்கும் கொடுத்தேன். அவங்களுக்கு நல்லா வந்திருக்கு. நான் ஏன் உங்களை மட்டும் ஏமாத்தப் போறேன்?"

"அதைத்தான் நானும் கேக்கறேன்!" என்று கத்திவிட்டு வைத்தேன். இத்தனை வருஷப் பழக்கம், என் பள்ளித் தோட்டத்துக்கே விதை கொடுத்த மனிதர். நம்பிய ஆள்தான் கழுத்தறுப்பான் போலிருக்கிறது.

சின்னவள் பக்கத்திலேயே நின்று எல்லாம் கேட்டுக்கொண்டிருந்தாள். டீ போட்டுக் கொடுத்தாள். "விடுக்கா. எனக்கு அந்த ஆள் மேல முதல்லயே சந்தேகம்தான்."

இவள் ஒருத்தி இல்லாவிட்டால் நான் என்ன ஆவேன்?

ஜூன் 24, புதன்

சமையல்காரர் வந்தார். ஓர் இலையைக் கிள்ளி, மென்று, கண்ணை மூடினார். "ருசி பிரமாதம் டீச்சர். ஆனா தட்டுல வெச்சா பச்சையாத்தானே தெரியும்? பச்சை என்கிட்டயே மலையா கிடக்கு." திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. என் முகத்தைப் பார்த்துவிட்டு, "எப்பவாவது நிறம் வந்தா சொல்லுங்க" என்று வேறு சொன்னார். அந்தப் பரிவுதான் தாங்கவில்லை.

சின்னவள் அவரை லிப்ட் வரை கொண்டுபோய் விட்டாள்.

ஜூன் 25, வியாழன்

"கொடுத்துடலாம்க்கா. புதன்கிழமை பண்ணைக்காரரை வரச் சொல்லவா?" சரி என்றேன்.

ஜூன் 27, சனி

முதல் வரிசைத் தட்டுகளைக் காலி செய்துகொண்டிருந்தேன். பிடுங்கிப் பிடுங்கிக் கூடையில் போடுகிறேன், பார்க்கவே பிடிக்கவில்லை. அந்த வரிசையின் கடைசித் தட்டு, இடமில்லாமல் போன வாரம் கழுவும் தொட்டிக்குப் பக்கத்தில் ஒதுக்கிவிட்டு நான் திரும்பிப் பார்க்காதது. அதைத் தொட்டதும் கை நின்றுவிட்டது.

அந்தத் தட்டில் நிறம் இருக்கிறது! தொட்டிப் பக்கம் திரும்பிய இலைகள் எல்லாம் நான் கனவு கண்ட அதே கருஞ்சிவப்பு. மறுபக்கம் பச்சை. ஒரே செடியில் பாதி இப்படி, பாதி அப்படி. ஓர் இலை மேல் இன்னோர் இலை படிந்திருந்தது. மேல் இலையைத் தூக்கினால், கீழே அதன் வடிவம் அப்படியே பச்சையாக, கைக்கடிகாரம் கழற்றிய மணிக்கட்டு மாதிரி.

தொட்டிக்கு மேலே பழைய டியூப்லைட் ஒன்று உண்டு. தட்டு கழுவ வருகிற வேலைக்காரம்மா அதை அணைக்க மறந்துவிடுவாள், ராத்திரி முழுக்க எரியும். கரண்ட் வீணாகிறது என்று சின்னவள் அவளோடு எத்தனை தடவை சண்டை போட்டிருக்கிறாள்.

டியூப்லைட் வெள்ளை. வெள்ளையில் நீலம் உண்டு.

விதை நல்ல விதை. செடி நல்ல செடி. ஐயோ, அந்த மனிதரை என்னவெல்லாம் பேசினேன்.

அப்படியானால் இந்தத் தட்டுக்குக் கிடைத்தது மற்றத் தட்டுகளுக்கு ஏன் கிடைக்கவில்லை? எங்கள் விளக்கிலும் நீலம் இருக்கிறதே. நான் பார்க்கிறேனே, தினமும் பார்க்கிறேனே —

நான் பார்க்கும்போது இருக்கிறது.

ஜூன் 28, ஞாயிறு

எழுதிவிட வேண்டும். எழுதாவிட்டால் நாளைக்கு நானே இதை நம்ப மாட்டேன்.

ராத்திரி கரண்ட் மலிவு என்பதால் எங்கள் செடிகளுக்கு ராத்திரிதான் பகல். மாலையில் விளக்கு எரிய ஆரம்பிக்கும், கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு நாங்கள் இருவரும் பூட்டிக்கொண்டு கிளம்புவோம். இன்றும் அப்படித்தான் கிளம்பினோம். அவள் பஸ் ஏறினாள். நான் எதிர் டீக்கடையில் ஒரு டீ குடித்தேன். இன்னொரு டீயும் குடித்தேன். திரும்ப மேலே போய்க் கதவைத் திறந்தேன்.

அறை முழுக்கச் சிவப்பு. ரோஜா நிறம் இல்லை, சுத்தச் சிவப்பு. ஒரு நீல விளக்குகூட எரியவில்லை. மிச்சச் செடிகள் எல்லாம் கறுப்பாகத் தெரிந்தன. காலையில் நான் வருவதற்கு முன்னால் நீலம் தானாகத் திரும்பி வந்துவிடும். நேரம் குறித்து வைத்திருக்கிறாள். விளக்கை ஓட்டுகிற பெட்டியின் ஆப் அவள் போனில்தான் இருக்கிறது; எனக்கு அந்த ஆப் எல்லாம் வராது என்று அவளிடமே விட்டிருந்தேன்.

போன் பண்ணி வரச் சொன்னேன். வந்தாள். கதவருகிலேயே நின்றாள், உள்ளே வரவில்லை. அந்தச் சிவப்பில் அவள் முகம் யாரோ மாதிரி இருந்தது.

"நீதானா?"

"தேறலேன்னா விட்டுடலாம்னு நீதானேக்கா சொன்ன?"

"தேறாம பண்ணச் சொன்னேனாடி?"

அழவில்லை அவள். அதுதான் எனக்கு ஆறவில்லை. நிதானமாகச் சொன்னாள். இந்த அறையில் மூச்சு முட்டுகிறதாம். பண்ணைக்காரர் இவளை மேனேஜராக வைத்துக்கொள்வதாகச் சொன்னாராம், கூடமும் சேர்ந்து வந்தால். நான் மனசார விட மாட்டேன் என்று இவளே முடிவு கட்டிக்கொண்டாளாம்.

"ஒரு தடவை வாயத் திறந்து கேட்டியா என்கிட்ட?"

"கேட்டா கொடுத்திருப்ப. கொடுத்துட்டு வாழ்நாள் பூரா மூஞ்சியத் தூக்கி வெச்சிருப்ப. செடி வரலேன்னா யார் மேலயும் பழி இல்லையேன்னு பார்த்தேன்."

"விதைக்காரர் மேல விழுந்துச்சே. பக்கத்துல நின்னு கேட்டுட்டுதானே இருந்த? டீ வேற போட்டுக் கொடுத்தியே!"

தலையைக் குனிந்துகொண்டாள். பிறகு கிளம்பிவிட்டாள்.

ஜூன் 29, திங்கள்

தூக்கமில்லை.

நீலம் இல்லாவிட்டால் குடை விரியாது, எடை மட்டும் ஏறும் என்று இவளுக்கு யார் சொல்லிக்கொடுத்தது? நான்தான். பரீட்சைக்கு முதல் நாள் ஒன்றும் படிக்காமல் வந்து உட்கார்ந்தவளுக்கு இலை படம் போட்டுப் போட்டுச் சொல்லிக்கொடுத்தேன். ஒரு வார்த்தை மறக்கவில்லை, பார். என்னிடம் படித்த பிள்ளைகளிலேயே நல்ல மாணவி.

மூஞ்சியைத் தூக்கி வைத்திருப்பேனாம். வைத்திருப்பேனா? கொஞ்ச நாள் வைத்திருப்பேன். ஆமாம், வைத்திருப்பேன்தான். அதற்காக? மூஞ்சிக்குப் பயந்து முதுகில் குத்துவார்களா? நான் அலைந்ததை எல்லாம் பார்த்தாளே. ஏசி குளிரில் நான் தும்மியபோது தைலம் எடுத்துக் கொடுத்தாளே. அப்போதாவது சொல்லியிருக்கலாமே, பாவி.

ஜூன் 30, செவ்வாய்

அம்மா போன். சின்னவள் அங்கே போயிருக்கிறாள் போல. "ரெண்டு பேரும் எனக்கு ரெண்டு கண்ணு. நீ பெரியவ, நீதான் அனுசரிச்சுப் போகணும்." பெரியவளாகப் பிறந்ததுதான் என் குற்றம். "அம்மா, ஒரு கண்ணு இன்னொரு கண்ணைக் குத்திடுச்சும்மா" என்றேன். அம்மா, சாப்பிட்டாயா என்று கேட்டாள்.

ஜூலை 1, புதன்

பண்ணைக்காரர் வந்தார். கொடுப்பதாக இல்லை என்றேன். "தங்கச்சி எல்லாம் பேசி முடிச்சாச்சுன்னாங்களே?" என்றார். "முடிச்சிருப்பா. ஆரம்பிக்கும்போது எனக்குத்தான் சொல்லல" என்றேன். மனிதர் மேலே கேட்காமல் போய்விட்டார். அவர் மேல் எனக்குக் கோபமில்லை. அவர் கடையை அவர் பார்க்கிறார்.

ஜூலை 2, வியாழன்

விதைக்காரர் கடைக்கு நேரில் போனேன். போனில் திட்டியதற்குப் போனிலேயே மன்னிப்புக் கேட்க மனசு வரவில்லை. கடையில் வேறு ஆட்கள் இருந்தார்கள்; இருந்தால் இருக்கட்டும் என்று எல்லோர் முன்னாலும் சொன்னேன். "தப்பு உங்க விதையில இல்லை. விளக்குல. நான்தான் தெரியாம வாய விட்டுட்டேன்."

"விளக்கு எப்படி டீச்சர் கெட்டுச்சு?"

சொல்ல வாய் வரவில்லை. என்ன கேவலம் பார், இப்போதும் அவளைக் காட்டிக்கொடுக்க எனக்கு மனசு வரவில்லை. "பழுதாயிடுச்சு" என்றேன். அவர் புது விதைப் பொட்டலம் ஒன்றை எடுத்து நீட்டினார். "இதையும் கலப்படம்னு சொல்லிடாதீங்க." கடையே சிரித்தது. நானும் சிரித்தேன். வாசலுக்கு வந்ததும் அழுகை முட்டிக்கொண்டு வந்துவிட்டது.

ஜூலை 3, வெள்ளி

விதை போட்டாயிற்று. ஆப்பை என் போனில் இறக்கி, விளக்குகளை ஓட்ட நானே கற்றுக்கொண்டேன். பெரிய வித்தை ஒன்றுமில்லை. இதையா வராது வராது என்று சொல்லிக்கொண்டிருந்தேன்?

ஜூலை 12, ஞாயிறு

சின்னவள் வந்தாள். வேலைக்குப் போடும் கோட்டு, செருப்பு, டிபன் டப்பா எல்லாம் எடுத்துக்கொண்டாள். சாவியை மேஜையில் வைத்தாள். பண்ணைக்காரரின் இன்னொரு கிளையில் வேலை கிடைத்துவிட்டதாம். கூடம் கிடைக்காமலே வேலை கிடைத்திருக்கிறது! அப்படியானால் இத்தனையும் எதற்கு? கேட்கவில்லை. கேட்டு என்ன ஆகப்போகிறது.

நாற்றுகளை எட்டிப் பார்த்தாள். "நல்லா வந்திருக்குக்கா."

"ம்."

இன்னும் ஏதோ சொல்ல நின்றாள். நான் தட்டைத் துடைத்துக்கொண்டே இருந்தேன். துடைத்த தட்டையே திரும்பத் துடைத்தேன். போய்விட்டாள்.

ஜூலை 26, ஞாயிறு

ஏறுகிறது. ஓரத்திலிருந்து நரம்புவரை.

ஆகஸ்ட் 6, வியாழன்

புது விதையின் முதல் அறுவடை. சமையல்காரர் நேரிலேயே வந்தார், இலையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். இந்தத் தடவை மென்று பார்க்கக்கூட இல்லை. "திங்கள்லேர்ந்து அனுப்பிடுங்க டீச்சர்." கூடை கூடையாகக் கருஞ்சிவப்பு. எடை போன தடவையைவிடக் குறைவுதான், குடை பிடித்தால் குறையத்தான் செய்யும். குதித்திருக்க வேண்டும். தராசுக்குப் பக்கத்தில் தனியாக நின்று எடையைக் குறித்துக்கொண்டேன்.

மத்தியானம் விளக்குக்காரர் வந்து ஒரு விளக்குப் பலகையை மாற்றிப் போட்டார். பெட்டியில் அதைச் சேர்க்க பாஸ்வேர்டு கேட்டார். யோசிக்காமல் வாயில் வந்தது, சொன்னேன். தட்டியவர், "யாரோ பொறந்த நாள் மாதிரி இருக்கே?" என்றார்.

"தங்கச்சியோடது. ஆரம்பிச்சப்போ நான்தான் வெச்சேன்."

"அவங்க இப்போ இங்க இல்லையே டீச்சர். மாத்திடறதுதான் நல்லது." சொல்லிவிட்டு போனை என் கையில் கொடுத்தார். நான் என்ன தட்டுகிறேன் என்று தெரியக்கூடாதென்று ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். மரியாதை தெரிந்த மனிதர்.

கொஞ்ச நேரம் அப்படியே பிடித்துக்கொண்டு நின்றேன். அப்புறம் மாற்றினேன். புது எண் யாருடைய பிறந்த நாளும் இல்லை.